அரசர் மெட்டும் சிறுவன் கால்களும்

நாட்டு வாழ்த்து ஒலிக்குங்கால் எழுந்து நிற்றல் மரபு. எழுந்து நிற்பவர் அதன் இசைக்குச் செவி கொடுக்கிறாரா என்பது வேறு வினா. 1947க்கு முன்னர்ப் பள்ளியில் பயின்ற நம் மூத்தோர் பலர் பிரிட்டிஷ் மன்னருக்குரிய வாழ்த்துப்பாடலை நின்றவாறு கேட்டவர்கள். சிலர் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடியும் இருப்பர். ஆயினும் அம்மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தவர் அவர்களுள் மிகச் சிலரே. கடமைக்கும் அச்சத்துக்கும் வெறுப்புக்கும் உரியதாக அது இருந்ததே யன்றி, இசையாக இருக்கவில்லை. ஆட்சி போயிற்று, மெட்டும் நம் செவியை விட்டு அகன்றது.

அதே மெட்டை இசையென்று நாம் முதன்முதலாக உணர்ந்தது ஓர் அமெரிக்கச் சிறுவனின் படைப்பினால் என்றால் வாசகர் வியப்புறலாம். சார்லஸ் ஐவ்ஸ் என்பார் தம் பதினேழாம் வயதையொட்டி, 1891-92இல், 'அமெரிக்கா' என்னும் மெட்டின்மேல் ஆர்கனுக்கென இயற்றிய வேரியேஷன்களே அப்படைப்பு. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதனை நடை மாற்றி, தாளம் மாற்றி, அணி மாற்றி மீண்டும் மீண்டும் இசைப்பதை மேனாட்டார் வேரியேஷன் என்பர். மாற்றுரு என்று நாம் வழங்குவோம். இசைத்தட்டில் கேட்டால் எட்டு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும் சிறு படைப்பு இது. இதனை ஒரு வேடிக்கை என்று தள்ளுவோரும் உளர்; இருபதாம் நூற்றாண்டுப் புதுமைகளை முன்கூட்டியே கண்டுவிட்ட தீர்க்கதரிசனம் என்று தூக்கிப் பிடிப்போரும் உளர். இரு சாராரும் அந்தச் சிறுவனுக்கு நீதி செய்யவில்லை என்பதே நம் கருத்து.

முதலில் மெட்டைப் பார்ப்போம். இதனை இயற்றியவர் யார் என்று இன்றுவரை எவராலும் அறுதியிட்டுக் கூற இயலவில்லை. 1744ஆம் ஆண்டில் லண்டனில் அச்சான பாடல் தொகுதி ஒன்றில் இது காணப்படுகிறது. மறு ஆண்டு, ஸ்டூவர்ட் வமிசத்தினர் அரியணையைக் கோரிப் படையெடுத்த காலத்தில், லண்டன் நாடக அரங்குகளில் மன்னருக்கு ஆதரவாக இது முழங்கிற்று. அதிலிருந்தே இதன் புகழ் தொடங்கியது. பின்னர் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளும் இதே மெட்டுக்குத் தத்தம் மன்னர் பெயரை இட்டு வாழ்த்துப் பாடின. பிரஷ்யாவில் பாடினர்; லீக்டன்ஸ்டைன் என்னும் சிற்றரசில் இன்றும் பாடுகின்றனர். பேத்தோவன் பியானோவுக்காக இதன்மேல் ஏழு மாற்றுருக்கள் எழுதினார். ஆர்கனுக்கென்றே ஜெர்மானியர் ரிங்க், ஹெஸ்ஸே ஆகியோர் எழுதினர். 1901இல் மாக்ஸ் ரேகரும் எழுதினார். மன்னர் பெயர்கள் மாறின, மெட்டு மாறவில்லை.

இத்தனை பேரை ஈர்த்த மெட்டில் அப்படி என்ன இருக்கிறது? நம் இசை அறிவைக் கொண்டே இதற்கு விடை காணலாம். சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்த மெட்டு இது; மூன்றெண்ணிக்கை நடை. முதற்பகுதி ஆறு அளவு. பிற்பகுதி எட்டு அளவு. இந்தச் சமமின்மை காதுக்குத் தோன்றாத வண்ணம் மறைந்து நிற்கிறது. முதற்பகுதி கீழ் நிஷாதத்துக்கும் மத்திமத்துக்கும் இடையிலேயே, வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காத முதியவர்போல், அடக்கமாக உலவுகிறது. பிற்பகுதி தொடங்கும்போதுதான் பஞ்சமம் முதன்முதலாகக் கேட்கிறது. அதனையே பலமுறை அழுத்தி ஊன்றிவிட்டு இறங்கி, அடுத்த அடியில் அதே சொல்லை ஒரு ஸ்வரம் கீழிருந்து திரும்பச் சொல்கிறது. தைவதமோ பாடல் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் வருகிறது; அதுவும் கடைசி அடியின் தலையில். ஆக ஏழு ஸ்வரமும் ஒவ்வொரே தானத்தில் நின்று, ஒரு ஸ்தாயியைக்கூட முழுதாகத் தாண்டாமல், உச்சியை இறுதிக்கென்று சேமித்து வைக்கும் சிக்கனம் இதில் உள்ளது. பாடத் தெரியாதவரும் பாடலாம்; ஆயிரம் பேர் ஒன்றாகப் பாடினாலும் குலையாது. வித்துவான் கைக்கு இது அகப்பட்டால், எங்கே என்ன வரும் என்பதைச் சபை முழுதும் முன்கூட்டியே அறிந்திருக்கும் என்பதால், அவர் எவ்வளவு தூரம் விலகிச் சென்றாலும் கேட்பவர் வழி தவற மாட்டார். மாற்றுருவுக்கு இதைவிட நல்ல மூலம் கிடைப்பது அரிது.

நம்மவர் ஒருவரும் இதனை உணர்ந்திருந்தார். முத்துஸ்வாமி தீட்சிதர் (1775-1835) இளமையில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் குடும்பத்தோடு வாழ்ந்த காலத்தில், ஜார்ஜ் கோட்டையில் கும்பினியாரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றார். அங்குக் கேட்ட மெட்டுகள் பலவற்றுக்கு அவர் ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று அவை வழங்கும். அவற்றுள் 'ஸந்ததம் பாஹிமாம்' எனத் தொடங்குவது இந்த அரசர் மெட்டேதான். நம் குழந்தைகள் பலர் பாட்டு வகுப்பில் இதனைக் கற்கிறார்கள்; கற்பிப்பவரும் சில வேளை மூலத்தை அறியார். தீட்சிதர் செய்தது நுட்பமான செயல். காப்பாற்று என்னும் வேண்டுகோளை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். காக்கப்பட வேண்டியவரை மட்டும் மாற்றினார். மன்னர் இருந்த இடத்தில் பாடுபவன் நிற்கிறான். எதிரே இசை வடிவான ச்யாமளை நிற்கிறாள். கும்பினி ஆட்சியின் கோட்டைக்குள் கேட்ட ஒன்றை இவ்வளவு அமைதியாக, ஒரு சொல் கடிந்துரைக்காமல், தம் வீட்டுப் பூசையறைக்குள் கொண்டு வந்து வைத்த செயலுக்கு ஈடான ஒன்றை நாம் கண்டதில்லை.

அமெரிக்காவில் நடந்தது வேறு வகை. ஆண்டோவர் என்னுமிடத்தில் இறையியல் பயின்ற சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் என்னும் மாணவர் ஜெர்மானியப் பாடநூல் ஒன்றில் இம்மெட்டைக் கண்டு, பிடித்துப்போய், தம் நாட்டைப் போற்றும் சொற்களை இதற்கு அமைத்தார். 1831 ஜூலை 4 அன்று பாஸ்டன் நகரப் பார்க் தெரு ஆலயத்தில் சிறுவர் சிறுமியர் அதனைப் பாடினர். எந்த மன்னரை உதறிவிட்டு அந்நாடு விடுதலை பெற்றதோ அந்த மன்னரின் மெட்டு, விடுதலை நாளிலேயே ஆலயத்தில் துதிப்பாடலாயிற்று. அதன்பின் அது துதிப்பாடல் நூல்களில் 'அமெரிக்கா' என்னும் பெயரோடு நிலைபெற்றது. 1931இல் வேறொரு பாடல் சட்டப்படி நாட்டுப்பண் ஆகும்வரை, நாட்டுப்பண்ணின் இடத்தை நிரப்பிய பாடல்களுள் இதுவும் ஒன்று. 1939இல், கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு நிறத்தின் காரணமாக வாஷிங்டனின் பெரிய அரங்கம் மறுக்கப்பட்டபோது, லிங்கன் நினைவகத்தின் படிகளில், ஏறத்தாழ 75,000 மக்கள் முன்னிலையில் அவர் முதலில் பாடியது இதனைத்தான். பாடுபவர் தம்மை ஒருமையில் கூறும் இடத்தைப் பன்மையாக்கி, நாமெல்லாம் பாடுகிறோம் என்று பொருள்படப் பாடினார். தீட்சிதரைப் போலவே அவரும் ஒரு சொல்லைத்தான் மாற்றினார்.

ஐவ்ஸ் சொல்லே இல்லாமல் மாற்றியவர். அதற்கு வருவோம்.

கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி என்னும் ஊரில் 1874 அக்டோபர் 20 அன்று சார்லஸ் ஐவ்ஸ் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஐவ்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் இளம் வயதிலேயே பாண்டு வாத்தியத் தலைவராக விளங்கியவர். ஊரார் கண்ணுக்கு அவர் நல்ல பாண்டு மாஸ்டர். வீட்டிலோ அடங்காத ஆராய்ச்சியாளர். மகனைப் பாட்டை ஒரு சுருதியில் பாடச் சொல்லிவிட்டுப் பக்க வாத்தியத்தை வேறொரு சுருதியில் வாசிக்கச் செய்வார். இரண்டு பாண்டுக் குழுக்களை எதிரெதிர்த் திசையிலிருந்து வேறு வேறு பாட்டு வாசித்துக்கொண்டு நடந்து வரச் செய்து, அவை ஒன்றையொன்று கடக்கும்போது காதில் என்ன விழுகிறது என்று கேட்டுப் பார்த்தவர் அவர். நம் ஊர்களில் முகூர்த்த நாளன்று இரண்டு கல்யாண ஊர்வலங்கள் தெரு முனையில் சந்திக்கையில், இந்த நாகஸ்வரமும் அந்த நாகஸ்வரமும் கலந்து நம் காதைப் பிடித்து இழுக்குமே, அந்தக் கணத்தை நாம் இடையூறு என்று கருதி முகம் சுளிக்கிறோம். ஜார்ஜ் ஐவ்ஸ் அதனைச் செல்வம் என்று கருதினார். பிற்காலத்தில் மகன் இயற்றிய சிம்பனிகளுக்கும் இசைச் சித்திரங்களுக்கும் ஊற்று அங்கேதான் உள்ளது.

மகன் பதினான்கு வயதிலேயே ஆலயத்தில் ஊதியம் பெற்று ஆர்கன் வாசிக்கத் தொடங்கினான். ஆர்கன் என்றவுடன் நம் வீட்டு ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளலாகாது; அது இதன் ஏழைப் பங்காளி. ஆலய ஆர்கனில் நூற்றுக்கணக்கான குழல்கள் சுவரளவு எழுந்து நிற்கும். கைகளுக்கு இரண்டு மூன்று கட்டை வரிசைகள். கால்களுக்கென்று தரையருகே பெரிய மரக்கட்டைகளாலான தனி வரிசை. கால் வெறுமே துருத்தியை மிதிப்பதற்கன்று. கீழ் ஸ்வரங்களை அதுவே வாசிக்க வேண்டும். ஆகவே ஆர்கன் வாசிப்பவர் ஒரே ஆளாக நான்கு உறுப்புகளால் மூன்று நான்கு குரல்களை நடத்துகிறார். கைக்கு இணையாகக் காலும் ஓடினால்தான் அவர் வித்துவான்.

அந்நாளைய அமெரிக்காவில் ஆர்கன் கச்சேரிகளில் நாட்டுப் பாடல்களின்மேல் பகட்டான மாற்றுருக்களை வாசிப்பது வழக்கம். டட்லி பக் போன்றோர் அவ்வகையில் புகழ் பெற்றிருந்தனர். ஐவ்ஸின் படைப்பும் அந்தச் சந்தைச் சரக்கின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. முன்னுரை, மெட்டு, மாற்றுருக்கள் ஐந்து, ஆரவார முடிவு என்னும் அமைப்பை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1892இல் நியூயார்க் மாநிலத்தின் பிரூஸ்டர் என்னும் சிற்றூர் ஆலயத்தில் அவர் இதனை வாசித்தார். ஆலயத்தில் அமர்ந்திருந்தோர் இதே மெட்டை அதே இருக்கைகளில் அமர்ந்து பலமுறை பாடியவர்கள் என்பதை நாம் மறத்தல் கூடாது.

படைப்பினுள் நுழைவோம். முன்னுரை பெருமுழக்கமாகத் தொடங்குகிறது. மெட்டின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சொல்லவா வேண்டாமா என்று நம்மைக் காக்க வைக்கிறது. பின்னர் மெட்டு எளிமையாக, ஆலயத்தில் பாடுவது போலவே வருகிறது. முதல் மாற்றுருவில் மெட்டின்மேல் விரைந்த ஸ்வர ஓட்டம் படர்கிறது. இது எந்தக் கச்சேரி வித்துவானும் செய்யக்கூடியது. இதில் நாம் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. இரண்டாவதில் மெட்டு நகராமல் நிற்க, உள்ளே நிற்கும் குரல்கள் அரை அரை ஸ்வரமாக வழுக்கிச் செல்கின்றன. அமெரிக்க முடிதிருத்தும் நிலையங்களில் நால்வர் கூடி நின்று குழைந்து குழைந்து பாடும் ஒரு பாணி உண்டு. அதன் வாசனை இதில் வீசுகிறது. ஆலயத்துள் கடைத்தெருக் காற்று மெல்ல நுழையும் இடம் இது.

அடுத்து வருவது இடைப்பகுதி ஒன்று. இதனை விளக்க நம் சங்கீதச் சொற்களே மிகப் பொருத்தமாக உதவுகின்றன. மெட்டு நான்கு கட்டைச் சுருதியில் ஒலிக்கிறது. அதே மெட்டு சற்றுப் பின்தங்கி ஒன்றரைக் கட்டைச் சுருதியிலும் உடன் ஒலிக்கிறது. இரண்டு ஆதார ஷட்ஜங்கள்! ஒரு தம்புராவுக்கு மேல் இன்னொரு தம்புராவை வேறு சுருதியில் மீட்டியது போல. நம் மரபில் இதற்கு இடமே இல்லை. மேனாட்டு மரபிலும் அன்று இதற்கு இடமில்லை. முதன்முறை கேட்டபோது நாம் இசைத்தட்டில்தான் ஏதோ பழுது என்று கருதினோம் என்பதை ஒளிப்பானேன்? பலமுறை கேட்ட பின்னரே ஒன்று விளங்கிற்று. இரண்டு குரல்களும் தனித்தனியே ஒரு குற்றமும் அற்றவை. ஒவ்வொன்றும் தன் சுருதியில் தூய்மையாக நிற்கிறது. ஒன்றையொன்று கேட்காமல் பாடுவது ஒன்றே அவற்றின் பிழை. நாட்டு வாழ்த்தைப் பாடும் பெருங்கூட்டங்களில் உண்மையாக நடப்பதும் இதுவே அன்றோ?

இந்த இடைப்பகுதிகளும் 1891ஆம் ஆண்டினவே என்று ஐவ்ஸ் கருதினார். கைப்படிகளை ஆராய்ந்தோர் அவை 1909-10 வாக்கில் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பர். தீர்க்கதரிசனம் என்று போற்றுவோர்க்கு இது கசப்பான செய்தி. ஐவ்ஸ் தம் படைப்புகளின் காலத்தை முன்தள்ளிக் காட்டினாரா என்னும் வழக்கு 1980களில் ஆராய்ச்சியாளரிடையே பெரிதாக எழுந்ததும் உண்டு. நமக்கோ இதில் பெரிய கலக்கம் தோன்றவில்லை. இருசுருதி விளையாட்டு அந்த வீட்டில் தந்தை காலத்திலேயே நடந்தது. எழுதிய நாள் முன்னாயினும் பின்னாயினும் பயிற்சி அந்த வீட்டினது. இத்தகைய இசையை ஆலயத்தில் வாசித்தால் சிறுவர் வாய்விட்டுச் சிரித்து அமளி செய்ததால் தந்தை அதற்கு அதிகம் இடங்கொடுக்கவில்லை என்று ஐவ்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டுக்குள் எதையும் கேட்கத் துணிந்த தந்தை, சபையின் அமைதி என்று வரும்போது மகனின் கையைப் பிடித்து நிறுத்துகிறார். அவ்விரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தமையால்தான், இந்தப் படைப்பில் குறும்பும் மரியாதையும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் நிற்கின்றன என்று தோன்றுகிறது.

மூன்றாவது மாற்றுரு துள்ளலான ஆட்டம்; திருவிழாச் சந்தையில் சுற்றும் குதிரை ராட்டினத்தின் இசையை ஒத்தது. இப்படைப்பில் நமக்கு நிறைவு தராத பகுதி இதுவே. மெட்டின் மூன்றெண்ணிக்கை நடைக்கு ஆட்டம் இயல்பாகவே பொருந்துமாதலால் சிறுவனுக்கு இங்கே எதிர்ப்பு ஏதுமில்லை. எதிர்ப்பில்லாத இடத்தில் குறும்புக்கும் கூர்மையில்லை. நான்காவது அப்படியன்று. பொலோனேஸ் என்னும் போலந்து நாட்டு நடையில், மெட்டு மைனர் சாயலுக்கு மாறி வருகிறது. காந்தாரமும் தைவதமும் தாழ்ந்த அக்கணமே மெட்டின் முகம் மாறிவிடுகிறது. போலந்து அந்நாளில் நாடிழந்த நாடு. பொலோனேஸோ அவர்தம் பெருமித நடை. விடுதலை நாட்டின் பாடலுக்கு நாடிழந்தோரின் உடையை அணிவிக்கும்போது சிறுவன் அரசியல் கருதினான் என்று நாம் வாதிட வரவில்லை. அந்நடை அன்று எல்லா மேடையிலும் கேட்ட சரக்குத்தான். ஆனால் ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மனோர் செவியில் அது வேறாக விழுகிறது. மீசையை முறுக்கிக்கொண்டு நடப்பவன் கண்ணில் நீர் நிற்பது போன்ற ஒரு தோற்றம். பலர் இவ்விடத்தில் சிரிப்பர். சிரிக்கட்டும், நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் இடைப்பகுதி குறுகியது. மீண்டும் இரு சுருதி. அதனைக் கடந்தால் ஐந்தாம் மாற்றுரு. கைகள் மெட்டை முழுக் கம்பீரத்தோடு நிறுத்தி வாசிக்க, கால்கள் ஓடத் தொடங்குகின்றன. கால்கள் இயன்ற வேகத்தில் என்பதே வேகத்துக்கான குறிப்பின் கருத்து. அடி ஸ்தாயியில் ஒரு நிமிடமும் ஓயாத ஓட்டம். கட்டையிலிருந்து கட்டைக்கு நுனிக்காலும் குதிகாலும் மாறி மாறித் தாவுகின்றன. இதனை வாசிப்பது பேஸ்பால் ஆடுவதற்கு நிகரான களிப்பு என்று ஐவ்ஸ் கூறியதுண்டு. அவர் அவ்வாட்டத்தில் தேர்ந்தவர். சிற்றூர்ப் பையன்களிடையே இசைப்பயிற்சி ஆண்மைக்குக் குறைவு என்று கருதப்பட்ட காலத்தில் வளர்ந்தவர். ஆதலால் இந்தக் கால் ஓட்டத்தில் வித்தைக்காட்சியோடு வேறொன்றும் கலந்திருக்கிறது: பந்து மைதானத்தில் ஓடிய அதே கால்கள்தாம் ஆலயத்திலும் ஓடுகின்றன என்று ஊர்ப் பையன்களுக்கு எடுத்துக்காட்டும் வீறு. முடிவில் முன்னுரையின் முழக்கம் திரும்பி வந்து படைப்பு நிறைவெய்துகிறது.

இப்போது அந்த வழக்கைத் தீர்க்கலாம். இது நையாண்டியா? நையாண்டி செய்பவன் மூலத்தைக் குலைப்பான், சொல்லைத் திரிப்பான், முடிவை ஏளனமாக அறுப்பான். ஐவ்ஸ் செய்யாதவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். எந்த மாற்றுருவிலும் அவர் ஆறளவும் எட்டளவுமான அந்தக் கட்டுக்கோப்பை மறந்து திரியவில்லை. ஸ்வர ஓட்டம், குழைவு, ஆட்டம், நடை எல்லாம் மெட்டைச் சுற்றி நிகழ்கின்றன. சபையில் இருப்பவர் எவரும் உள்ளத்துக்குள் உடன் பாடிக்கொண்டே வரலாம். நிரவலில் வித்துவான் எவ்வளவு ஸஞ்சாரம் செய்தாலும் அந்த வரியின் எடுப்பு தாளத்தின் அதே இடத்தில் வந்து விழுவதைப் போன்ற ஒழுக்கம் இது. வித்துவத்துக்கு நாம் வைக்கும் சோதனையும் இதுவே: அவருடைய திறமையினால் மூலம் கூடுதலாகக் கேட்கிறதா, குறைவாகக் கேட்கிறதா? ஐந்தாம் மாற்றுருவில் கால்கள் அவ்வளவு ஓடும்போது மேலே மெட்டு முன்னெப்போதையும்விட நிமிர்ந்து நிற்கிறது. கடைசி அடியில் மட்டும் வரும் அந்தத் தைவதத்தை, இத்தனை தலைமுறை எழுந்து நின்றும் கேட்காத அதனை, நாம் கேட்டது இங்கேதான்.

படைப்பின் பிற்கால வரலாறும் கூறத்தக்கது. 1894இல் ஐவ்ஸ் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தபோது தந்தை இறந்தார். அங்குக் கற்பித்த ஹொரேஷியோ பார்க்கர் தேர்ந்த ஆசிரியர். ஆயினும் இருசுருதி விளையாட்டுக்கு அவர் வகுப்பில் இடமில்லை. 1902இல் ஆலயப் பணியையும் விட்ட ஐவ்ஸ், நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலில் ஈடுபட்டுப் பெரும் வெற்றி கண்டார். இரவிலும் விடுமுறையிலும் எழுதிக் குவித்தார். அலுவலகம் ஒருபுறம், கலை ஒருபுறம் என்று வாழும் நம் சங்கத்து அன்பர்களுக்கு அந்த இரட்டை வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. 1920களின் பிற்பகுதியில் புதிதாக எழுதுவதே நின்றுபோயிற்று. 1947இல் மூன்றாம் சிம்பனிக்குப் புலிட்சர் பரிசு வந்தபோது அவருக்கு வயது 72.

அதன் பின்னரே ஈ. பவர் பிக்ஸ் என்னும் ஆர்கன் வித்துவான், ஆர்கனுக்கென ஏதேனும் உண்டா என்று வினவ, பழைய தாள்களுக்கிடையிலிருந்து இது வெளிவந்தது. பிக்ஸ் 1948இல் வானொலியில் வாசித்தார், 1949இல் அச்சாயிற்று. பதினேழு வயதில் எழுதியதை அச்சில் காண அவருக்கு 74 வயது ஆக வேண்டியிருந்தது. பிக்ஸ் பிறப்பால் ஆங்கிலேயர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவருக்கு இளமையில் இந்த மெட்டு மன்னர் வாழ்த்து. பின்னர் குடியேறிய நாட்டின் துதிப்பாடல். தீட்சிதர் கோட்டையில் கேட்டதும் இவர் வானொலியில் வாசித்ததும் ஒன்றே.

1963இல் வில்லியம் ஷூமன் இதனைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு மாற்றி அமைத்தார். உலகெங்கும் இன்று பெரும்பாலோர் கேட்பது அந்த வடிவமே. அதில் வண்ணம் மிகுதி, நகைச்சுவை மிகுதி, தாள வாத்தியங்களின் ஆரவாரமும் மிகுதி. ஆயினும் நாம் அதனை மூலத்துக்கு ஈடாகக் கொள்ள மாட்டோம். ஐந்தாம் மாற்றுருவின் ஓட்டத்தைப் பலர் பகிர்ந்து வாசிக்கும்போது ஒருவரும் விழுந்துவிடப் போவதில்லை. ஆர்கனிலோ ஒரே மனிதன்; இரண்டு கை, இரண்டு கால்; ஒரு கட்டை தவறினால் மேலே நிற்கும் மெட்டும் தள்ளாடும். அந்த அபாயமே அப்பகுதியின் உயிர். சுருதி மோதும் இடைப்பகுதியும் அவ்வாறே. இரண்டு குழுக்கள் இரண்டு சுருதியில் வாசித்தால் அது சச்சரவு. ஒரே மனிதன் தன் ஒரு கையால் ஒரு சுருதியும் மற்றொரு கையால் மற்றொரு சுருதியும் வாசிக்கும்போது, அச்சச்சரவு அவனுக்குள்ளேயே நிகழ்கிறது. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழியுமாக நாள் கழிக்கும் குடும்பத்தார்க்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும்.

இப்படைப்பைக் கேட்க விழையும் அன்பர்கள் வாத்தியக் குழு வடிவத்தை ஒதுக்கி வைத்து, ஆர்கன் வடிவத்தையே முதலில் கேட்பார்களாக. கேட்பதற்கு முன், வீட்டில் பாட்டு கற்கும் குழந்தை இருந்தால் 'ஸந்ததம் பாஹிமாம்' ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு இசைத்தட்டை வைப்பார்களாக. நாம் அவ்வாறே செய்து பார்த்தோம். முன்னுரை முழக்கம் ஓய்ந்து மெட்டு தொடங்கியதும் குழந்தை, "இது என் பாட்டு" என்றது. முதல் இடைப்பகுதியில் காதைப் பொத்திக்கொண்டது. ஐந்தாம் மாற்றுருவில் தரையில் அமர்ந்திருந்த அதன் கால்கள் ஆடத் தொடங்கின.